காற்புள்ளி எங்கட, கிரமர் ஆரின்ர?

போன செமஸ்டர் லீவில் எங்கட தோழி ஒருத்தி பகுதிநேர வேலை ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். யாழ்ப்பாணத்தில்தான். கேள்வி கேட்டவரும் தமிழர்தான். ஆனால் கேள்வி இங்கிலிஷில். குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொல்லியிருக்கிறார். "ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்" எண்டு தொடங்கியிருக்கிறாள். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "ஹாவிங்?" எண்டு ஒருக்காக் கேட்டுச் சிரித்தாராம். அதோடு இவளுக்கு வாய் எழும்பவில்லை. மிச்சக் கேள்விகளுக்கு 'யெஸ்', 'நோ' மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

பரமேஸ்வராச் சந்தியில் ரீ குடிக்கேக்க இதைச் சொன்னாள். "எனக்கு இங்கிலிஷ் வராது, விடுங்கோ. இனி அந்தப் பக்கம் போகமாட்டன்" எண்டாள். நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேரும் கலைப்பீடம். அவளுக்குச் சொல்ல எங்களிடம் ஆறுதல் இருந்தது, பதில் இருக்கவில்லை. ஏனென்றால் அந்த 'ஹாவிங்' ஏன் பிழை எண்டு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பிழை எண்டு மட்டும் தெரியும். பத்து வருசத்துக்கு மேலே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்திருக்கிறோம். ரியூசனில் பன்னிரண்டு ரென்ஸையும் அட்டவணை போட்டுப் பாடமாக்கியிருக்கிறோம். காரணம் தெரியாது.

அவளுக்கு ஒரு பதில் தேடத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை. தேடப்போனால் அது இருநூறு வருசக் கதையாக நீண்டுவிட்டது.

இரண்டு இலக்கணமும் ஒரே மேசையில்

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இருந்து வேலையைத் தொடங்கினார்கள். பிரித்தானிய ஆட்சிக்கு இவர்கள் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. 1820இல் அச்சுக்காரர் ஒருவரை மிஷன் வரவழைத்தபோது, ஆளுநர் பார்ன்ஸ் அவரைத் தங்க விடவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடங்கள் பெருகின. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி ஒன்று தொடங்கியது. அதன் முதல் அதிபர் டானியல் பூவர். அடுத்த வருசம் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை வந்தது.

வட்டுக்கோட்டைச் செமினரியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அங்கே ஆங்கிலம் படிப்பித்ததைத்தான் சொல்லுவினம். எங்களுக்கு முக்கியமாகப் பட்டது வேறு விஷயம். அங்கே ஆங்கிலத்தோடு தமிழ் இலக்கணமும் இலக்கியமும் பாடமாக இருந்தன. கணிதம், வானியல், தத்துவம் எல்லாம் இருந்தன. ஒரு பெடியன் காலமையில் ஆங்கில வாக்கியத்தைப் பிரித்து எழுவாய் எது, பயனிலை எது எண்டு பார்ப்பான். அதே பெடியன் தமிழிலும் அதையே செய்வான். இரண்டு இலக்கணமும் ஒரே மேசையில் கிடந்தன.

அதன் விளைவை வெளிவந்த புத்தகங்களில் பார்க்கலாம். 1841 ஜனவரியில் 'உதயதாரகை' தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவரத் தொடங்கியது. அதை முதலில் நடத்தியவர்கள் செமினரியில் படித்த ஹென்றி மார்ட்டினும் செத் பேசனும். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர் எண்டு நினைக்க வேண்டாம், இரண்டு பேரும் எங்கட ஊர்த் தமிழர். மாணவருக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்களையும் மிஷன் விரும்பிய பெயர்களையும் பிள்ளைகளுக்கு வைக்கிறது அந்தக் காலத்து வழக்கம். 1842இல் மானிப்பாய் அச்சகத்தில் தமிழ் அகராதி ஒன்று அச்சானது. யாழ்ப்பாண அகராதி எண்டும் மானிப்பாய் அகராதி எண்டும் அதைச் சொல்லுவார்கள். செமினரியில் படித்த கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். அந்தத் தாமோதரம்பிள்ளைதான் பிறகு 1881இல் வீரசோழியத்தையும் 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் பதிப்பித்தார்.

வீரசோழியம் எண்டால் என்ன? வடமொழி இலக்கண முறையைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்த பதினோராம் நூற்றாண்டு நூல். அதாவது, ஒரு மொழியின் இலக்கணத்தை இன்னொரு மொழிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது எங்களுக்கு ஆயிரம் வருசப் பழக்கம். ஆங்கிலம் படித்த ஒருவர் அந்த நூலைத் தேடி எடுத்து அச்சில் ஏற்றியது எங்களுக்கு ஆச்சரியமாகப் படவில்லை.

கால், அரை, முக்கால், முழுசு

இந்த இடத்தில் நிறுத்தக்குறிகளின் கதையைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஆங்கில இலக்கணத்தில் நாங்கள் முழுதாக எங்கட ஆக்கிக்கொண்ட பகுதி அதுதான்.

பழைய ஏட்டுச்சுவடிகளில் காற்புள்ளி இல்லை, கேள்விக்குறி இல்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. மெய்யெழுத்துக்கு மேலே புள்ளி கூடப் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள்; எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். செய்யுளுக்கு அது பெரிய குறை இல்லை. எங்கே நிறுத்துவது எண்டு யாப்பே சொல்லிவிடும். உரைநடைக்கு அந்த வசதி கிடையாது. அச்சு வந்து, ஆசிரியர் இல்லாமல் தனியே இருந்து வாசிக்கிற பழக்கமும் வந்தபோது, எங்கே மூச்சு விடுவது எண்டு காட்ட ஏதாவது தேவைப்பட்டது.

தமிழில் நிறுத்தக்குறிகளைக் கொண்டுவந்தவர் ஆறுமுக நாவலர் எண்டு பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதைக் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேணும். மிஷன் அச்சகங்களின் தமிழ்ப் புத்தகங்களில் அதற்கு முன்னரே குறிகள் உண்டு. நாவலர் செய்தது, அவற்றைச் சைவ நூல்களுக்குள்ளும் பாலபாடங்களுக்குள்ளும் கொண்டுபோய், தமிழ் உரைநடையின் வழமையாக்கியது. 1822இல் நல்லூரில் பிறந்தவர். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் ஆங்கிலப் பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பித்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கு உதவியவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அடுத்ததாக அச்சுக்கூடமும் நிறுவினார். மிஷனோடு வாதாடத்தான் அவர் எழுதினார். ஆனால் மிஷனின் காற்புள்ளியை அவர் வெறுக்கவில்லை. தேவையானதை எடுத்துத் தன்ர வேலைக்குப் பாவித்தார். அதற்காக வெட்கப்பட்டதாகவும் தெரியவில்லை.

அந்தக் குறிகளுக்குத் தமிழில் விழுந்த பெயர்களைக் கவனித்தீர்களோ? காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. கால், அரை, முக்கால், முழுசு. அரிசி அளக்கிற கணக்கு. 1795இல் வெளிவந்து ஆங்கில உலகம் முழுக்கப் புழங்கிய லிண்ட்லி மறேயின் இலக்கணப் புத்தகமும் நிறுத்தக்குறிகளை நேர அளவாகத்தான் சொல்லியது. அரைப்புள்ளி காற்புள்ளியைப் போல இரண்டு மடங்கு, முக்காற்புள்ளி அதன் இரண்டு மடங்கு, முற்றுப்புள்ளி அதிலும் இரண்டு மடங்கு என்று. எங்கட ஆக்கள் மடங்குக் கணக்கை விட்டுவிட்டுக் கால் கணக்கில் பெயர் வைத்தார்கள். இண்டைக்கு ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் "காற்புள்ளி எந்த மொழியிலிருந்து வந்தது?" எண்டு கேட்டால் முழிக்கும். அந்தளவுக்கு அது எங்கட.

குறிகள் எங்கட ஆகிவிட்டன. கிரமர் மட்டும் ஏன் ஆகவில்லை?

மேசையில் ஆர் இருந்தது?

பதிலின் பாதி, அந்த மேசையில் ஆர் இருந்தது எண்டதில் இருக்கிறது.

செமினரியில் ஒரு தொகைப் பெடியள் படித்தார்கள். ஆங்கிலம் கற்றவுடன் அரசாங்க வேலைக்குப் போனார்கள். மிஷனுக்கு அது பிடிக்கவில்லை. சமயத்துக்கு ஆள் சேர்க்கத்தான் பள்ளிக்கூடம், கச்சேரிக்கு எழுதுவினைஞர் தயாரிக்க இல்லை எண்டு தலைமையகம் நினைத்தது. 1855இல் செமினரி மூடப்பட்டது. 1847இல் வந்து மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீனும் இதே சிக்கலைக் கண்டார். ஆங்கிலத்தில் மருத்துவம் படித்தவர்கள் ஊரில் நிற்கவில்லை. 1860களில் அவர் படிப்பைத் தமிழுக்கு மாற்றி, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். ஆனால் ஊர் ஆங்கிலத்தைத்தான் கேட்டது. 1872இல் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழும்பியது. அதே வருசம் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவ ஆங்கிலப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். அது நீடிக்கவில்லை. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி வந்தது.

இவையெல்லாம் பெருமையான கதைகள். இதே கதையில் பெருமைப்பட முடியாத பக்கமும் உண்டு. ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் இருந்தது. கட்டணம் இருக்கிறவனும் உயர்த்தப்பட்ட சாதிக்காரனும் பெரும்பாலும் ஒரே ஆள். 1920களின் கடைசியில், பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்த வேண்டும் என்று அரசு சொன்னபோது எதிர்ப்புக் கிளம்பியது. சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. வாங்கிலேயே இடம் கொடுக்காத ஊர், இலக்கணத்தில் இடம் கொடுத்திருக்குமோ? ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வீட்டுப் பாஷையாக மாறிக்கொண்டிருக்க, இன்னொரு பகுதி நிலத்தில் இருந்துகொண்டு தமிழ் எழுத்தைப் படித்தது.

இதை உடைக்க முயன்றவர்களும் இந்த மண்ணில்தான் இருந்தார்கள். 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், சாதிப் பாகுபாட்டை எதிர்த்தது; தாய்மொழியில் கல்வி வேண்டும் என்றது. ஹண்டி பேரின்பநாயகம் போன்ற அதன் முன்னணி ஆட்கள் ஆங்கிலத்தில் நன்றாகப் பேசுகிறவர்கள். ஆங்கிலம் தெரிந்தவர்களே அதைச் சலுகையாக வைத்திருக்கக் கூடாது எண்டு சொன்னது எங்களுக்குப் பிடித்த விஷயம். 1943இல் கன்னங்கரா அறிக்கை, 1945இல் இலவசக் கல்வி, பிறகு தாய்மொழி மூலக் கல்வி. 1960இல் தாய்மொழி மூலம் படித்த பிள்ளைகள் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குள் நுழைந்தார்கள். நாங்கள் இண்டைக்குக் கம்பஸில் இருக்கிறதுக்கு அடிப்படை அதுதான். எங்கட வீடுகளில் பலருக்கு நாங்கள்தான் முதல் பட்டதாரிகள்.

ஆனால் ஒன்று நடக்கவில்லை. படிப்புத் தாய்மொழிக்கு வந்தது. நல்ல வேலைக்கான வாசல் ஆங்கிலத்திலேயே நின்றது. தெற்கில் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பட்டப்பெயர் 'கடுவ'. வாள் என்று அர்த்தம். ஆங்கிலம் தெரிந்தவன் தெரியாதவனை வெட்டுகிற வாள். எங்கட தோழியை நோக்கிச் சிரித்த அந்த ஆளின் கையில் இருந்ததும் அதுதான்.

1990, எங்கட கலைப்பீடம்

எங்கட பல்கலைக்கழகம் 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கியது. 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. ஆனால் ஊர் இன்னமும் 'கம்பஸ்' எண்டுதான் சொல்லும். "பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுதோ?" எண்டு கேட்கிற அம்மம்மாவுக்கு அது ஆங்கிலச் சொல் எண்ட நினைப்பே இல்லை. காற்புள்ளியைப் போலத்தான் அதுவும்.

இந்தக் கம்பஸில் 1984இலிருந்து பத்து வருசம் ஆங்கிலம் படிப்பித்தவர் சுரேஷ் கனகராஜா. பிறகு அமெரிக்காவில் பேராசிரியரானார். 1990இல் அவர் கலைப்பீட முதலாம் வருட மாணவர் 22 பேர் கொண்ட ஒரு ஆங்கில வகுப்பை நெருக்கமாகக் கவனித்து எழுதினார். 1999இல் வந்த அவருடைய புத்தகத்திலும் அந்த வகுப்பு வருகிறது. சண்டை நடந்த காலம். மின்சாரம் இல்லை. பாடப்புத்தகமோ அமெரிக்கப் புத்தகம். அமெரிக்க நகரத்து ஆட்கள், அமெரிக்க வாழ்க்கை. மாணவர்கள் பக்க ஓரங்களில் தங்கட உலகத்தை எழுதி வைத்திருந்தார்கள்: காதல், சினிமா, போராட்டம். புத்தகத்துப் படங்களுக்குத் தமிழ்க் கோலம் போட்டார்கள்.

எங்களை யோசிக்க வைத்தது அடுத்தது. அந்த வகுப்பு உரையாடி, செய்து பார்த்துப் படிக்கிற முறையில் நடந்தது. மாணவர்கள் அதை விரும்பவில்லை. "கிரமர் சொல்லித் தாங்கோ, நோட்ஸ் தாங்கோ" எண்டு கேட்டார்கள். இதைப் படித்தபோது எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. ஒருத்தன், "அது அடிமைப் புத்தி, சோதனைக்குப் படிக்கிறது" எண்டான். இன்னொருத்தி, "இல்லை, கிரமர் எண்டது எடுத்துப் பிடிக்கக்கூடிய ஒண்டு. கதைச்சுப் பழகு எண்டு சொல்லுறவைக்குக் கதைக்க ஆள் இருக்கு. எங்களுக்கு ஆர் இருக்கினம்?" எண்டாள். எங்களில் பெரும்பாலானோர் அவள் பக்கம்தான். விதி தெரிந்தால், இருட்டிலும் அதைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம்.

சிக்கல், விதியை ஆர் எப்படிச் சொல்லித் தந்தார்கள் எண்டதில்தான். வட்டுக்கோட்டை மேசையில் இருந்த இரண்டாவது புத்தகம், தமிழ் இலக்கணம், எங்கட ஆங்கில வகுப்பில் இல்லை. எங்களுக்கு ஒரு இலக்கணமும் தெரியாத மாதிரி ஆங்கிலத்தைத் தொடங்கினார்கள். எங்களுக்கோ ஒரு இலக்கணம் நாலு வயதிலேயே முழுசாகத் தெரியும்.

பிழைக்குள் இருக்கிற தமிழ்

அதனால் நாங்கள் ஒரு வேலை செய்தோம். எங்கட ஐந்து பேரின் பழைய ஒப்படைகளை எடுத்து, சிவப்புப் பேனை விழுந்த இடங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தமிழில் என்ன நடக்குது எண்டு பார்த்தோம்.

முதலாவது, தோழியின் 'ஹாவிங்'. தமிழில் "எனக்கு இரண்டு தம்பியள் இருக்கினம்" என்போம். "இருந்துகொண்டிருக்கினம்" எண்டு ஒருவரும் சொல்லுறதில்லை. "எனக்குத் தெரியும்" என்போம். "தெரிந்துகொண்டிருக்கு" எண்டு சொல்ல மாட்டோம். நிலையைச் சொல்லுகிற வினைக்குத் தொடர்வடிவம் வேண்டாம் என்ற விதி தமிழிலேயே இருக்கிறது! ஆங்கிலத்திலும் அதேதான்: 'ஐ ஹாவ் டூ பிரதர்ஸ்'. அட்டவணை பாடமாக்கியதால்தான், 'இப்ப நடக்குது எண்டால் ஐ.என்.ஜி. போடு' எண்டு கை தானாகப் போகிறது. தமிழைக் கேட்டிருந்தால் அவள் பிழை விட்டிருக்க மாட்டாள்.

இரண்டாவது, 'டிஸ்கஸ் அபௌட்'. "பிரச்சினையைப் பற்றிக் கதைத்தோம்" என்பதில் இருக்கிற 'பற்றி'தான் அங்கே 'அபௌட்' ஆகப் போய் ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் அந்த வினை 'கதை' மாதிரி இல்லை, 'அலசு' மாதிரி. "பிரச்சினையை அலசினோம்" என்போம். அதற்குப் 'பற்றி' வேண்டாம், 'ஐ' வேற்றுமை போதும். இதை நினைவில் வைத்தால் 'அபௌட்' தானாக விழுந்துவிடும்.

மூன்றாவது, 'எ', 'ஆன்', 'த'. இதுதான் எங்கட பெரிய தலையிடி. தமிழில் 'த' என்பதற்கு நேரான சொல் இல்லை. ஆனால் அந்த வேலையை வேற்றுமை உருபு ஓரளவுக்குச் செய்கிறது. "புத்தகம் வாங்கினன்" எண்டால் ஏதோ ஒரு புத்தகம். "புத்தகத்தை வாங்கினன்" எண்டால் உனக்கும் எனக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். இந்த வித்தியாசம் எங்கட காதுக்கு நன்றாகத் தெரியும். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது எண்டாலும், தொடங்க ஒரு பிடி. 'எ', 'ஆன்' இன்னும் இலேசு. "ஒரு கிராமம், ஓர் ஊர்" எண்டு படித்தோம்தானே? உயிர் முன்னே வந்தால் 'ஓர்'. ஆங்கிலத்திலும் உயிரொலி முன்னே வந்தால் 'ஆன்'. எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேணும்: 'எ யூனிவர்சிற்றி', ஏனென்றால் யகரம் மெய். 'ஆன் அவர்', ஏனென்றால் மணித்தியாலத்துக்கான அந்தச் சொல்லில் முதலெழுத்து ஒலிக்காது.

நாலாவது, 'நேற்று வந்திருந்தார்' என்பதை அப்படியே 'ஹாட் கம் யெஸ்ரடே' எண்டு எழுதுறது. தமிழில் 'வந்திருந்தார்' தனியே நிற்கும். ஆங்கிலத்தில் அந்த வடிவத்துக்கு இன்னொரு இறந்தகால நிகழ்ச்சி துணைக்கு வேணும்: நான் போகமுதல் அவர் வந்திருந்தார் எண்டது மாதிரி. துணை இல்லையெண்டால் 'கேம்' போதும்.

ஐந்தாவதுதான் எங்களை மீண்டும் காற்புள்ளிக்குக் கொண்டுவந்தது. தமிழில் நாங்கள் ஒரே வாக்கியத்தில், "எழும்பி, முகம் கழுவி, ரீ குடிச்சு, பஸ் பிடிச்சு, கம்பஸ் வந்தம்" எண்டு போகலாம். எழும்பி, கழுவி, குடிச்சு, பிடிச்சு எல்லாம் வினையெச்சம். முடிகிறது கடைசி 'வந்தம்' எண்ட முற்றில் மட்டும். ஆங்கிலத்தில் இதை எழுதப் போகிறபோது ஒவ்வொரு எச்சத்தையும் முற்றாக்கிவிட்டு, நடுவிலே காற்புள்ளியை மட்டும் விட்டுவிடுகிறோம்: நான் எழும்பினேன், நான் கழுவினேன், நான் குடித்தேன் எண்டு. அங்கேதான் சிவப்புப் பேனை. முற்றுவினையோடு ஒரு வாக்கியம் முடிந்தால், அடுத்த முழு வாக்கியத்தைச் சேர்த்துப் பிடிக்கக் காற்புள்ளிக்குத் தனியே பலம் காணாது. முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ 'அன்ட்' போல ஒரு இணைப்புச் சொல்லோ வேணும். கால் போதாத இடத்தில் அரை. பெயரே விதியைச் சொல்லுது!

இன்னொரு பட்டியலும் போட்டோம். பிழை எண்டு நாங்கள் பயப்பட்ட, ஆனால் பிழை இல்லாதவை. நாங்கள் 'ரீச்சர்', 'ரியூசன்' எண்டு எழுதுறதைத் தமிழ்நாட்டு நண்பர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களுக்கு 'டீச்சர்', 'டியூஷன்'. ஆனால் யாழ்ப்பாணத்தார் 'காற்று', 'பற்று' எண்டு சொல்லேக்க நாக்கு நிற்கிற இடமும் அந்த ஆங்கில எழுத்துக்கு நிற்கிற இடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எங்கட காது சரியாகத்தான் கேட்டு எழுதியிருக்கு. அதே மாதிரி 'ரியூட்டரி', பஸ் நிற்கிற 'ஹோல்ட்' எல்லாம் இலங்கை ஆங்கிலத்துக்கே உரிய வழக்குகள். மைக்கல் மெய்லர் 2007இல் இலங்கை ஆங்கிலத்துக்கென்றே ஒரு அகராதி வெளியிட்டார். இங்கிலாந்துக்காரனுக்கு விளங்காத சொல்லெல்லாம் பிழையான சொல் இல்லை.

இரண்டு பட்டியலையும் கலக்கக் கூடாது எண்டதிலும் நாங்கள் தெளிவாக இருக்கிறோம். "எல்லாம் எங்கட ஆங்கிலம்தான், திருத்தத் தேவையில்லை" எண்டு சொல்லுறது கேட்க நல்லாயிருக்கும். ஆனால் அதைச் சொல்லுகிறவருக்குப் பெரும்பாலும் திருத்தமான ஆங்கிலம் கைவசம் இருக்கும். நஷ்டம், இல்லாதவருக்குத்தான். முதல் பட்டியலில் இருப்பதை நாங்கள் படிக்கத்தான் வேணும். இரண்டாவது பட்டியலுக்கு வெட்கப்படத் தேவையில்லை.

இப்ப என்ன செய்யிறம்

நாட்டின் அரசியலமைப்பில் தமிழும் ஆட்சிமொழி, ஆங்கிலம் இணைப்புமொழி. இணைப்புமொழி எண்டால் இரண்டு கரையையும் சேர்க்கிற பாலம். பாலத்தில் ஆர் ஏறலாம் எண்டதை இன்னமும் காசும் ஊரும் பள்ளிக்கூடமும்தான் தீர்மானிக்குது. ஆங்கில ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்துவிட்டு வந்த எங்கட நண்பர்களுக்குச் சோதனை மட்டும் எல்லாருக்கும் பொதுவான அதே சோதனை. இதை நாலு குறிப்புக் கொப்பியால் மாற்ற முடியாது எண்டு எங்களுக்குத் தெரியும். ஆசிரியர்கள் வேணும். தமிழ் இலக்கணமும் ஆங்கில இலக்கணமும் இரண்டும் தெரிந்த ஆசிரியர்கள் வேணும். அதைக் கேட்க வேண்டிய இடத்தில் தொடர்ந்து கேட்போம்.

அதுவரைக்கும் எங்களால் முடிஞ்சது ஒன்று. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஒரு குப்பி தொடங்கியிருக்கிறோம். கம்பஸுக்கு வெளியே இருக்கிறவைக்கு: குப்பி எண்டால் மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற வகுப்பு. ஒரு பக்கம் நாவலரின் இலக்கணச் சுருக்கம், மறுபக்கம் ஒரு ஆங்கிலக் கிரமர் புத்தகம். ஒரு நாளைக்கு ஒரு பிழை மட்டும். சிரிக்கக் கூடாது எண்டது ஒரே ஒரு சட்டம். முதல் கிழமை ஏழு பேர் வந்தார்கள். இப்போ பதினாறு பேர். விரும்பினால் நீங்களும் உங்கட ஊரில் தொடங்கலாம். இரண்டு புத்தகமும் ஒரு வாங்கும் போதும்.

தோழி இன்னும் வேறு வேலைக்கு விண்ணப்பிக்கவில்லை. ஆனால் போன வெள்ளிக்கிழமை 'ஹாவிங்' பற்றி வகுப்பெடுத்தது அவள்தான். எடுத்து முடிய, புதிதாக வந்த முதலாம் வருடப் பெடியன் ஒருத்தன், "அக்கா, அப்ப இது எங்களுக்கு முதலே தெரியும்தானே?" எண்டு கேட்டான்.

"தெரியும்" எண்டாள். "ஒருத்தரும் கேட்கேல்லை, அவ்வளவுதான்."